பொன்யோவா, நீமோவா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, பரீட்சை லீவு விட்டாச்சு. மாமியார், வீட்டுக்காரர், நான், ரெண்டு பிள்ளைகள் எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து பார்க்க ஒரே ஒரு கார்ட்டூன் படம் சொல்லுங்க. உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது எது? ஏன்னும் சொல்லணும்.
(வாசகி, தங்கச்சிமடம்)

பதில்: மன்னார் வளைகுடாக் கரையிலிருந்து எழுதுகிறவள் 'ஃபைண்டிங் நீமோ' என்றுதான் சொல்வாள் என்று நினைத்திருப்பாய், தங்கச்சி. நல்ல படம்தான். 2003-இல் வந்தது, ஆஸ்கரும் வாங்கியது. ஆனால் வலையில் சிக்கிய மீன்களெல்லாம் ஒன்றாகக் கீழ்நோக்கி நீந்தித் தப்பிக்கிற கட்டத்தில், எங்கள் வீட்டு ஆண்கள் "போச்சு, இன்னிக்கு டீசல் காசுகூடத் தேறாது" என்று வலைக்காரன் பக்கம் நின்று பேசினார்கள். அதற்குப் பிறகு பிள்ளைகளுக்குப் படத்தில் மனசு ஒட்டவில்லை.

என் ஓட்டு 'பொன்யோ'வுக்கு. ஹயாவோ மியாசாகி இயக்கிய ஜப்பான் படம், வருஷம் 2008. கடற்கரை மலைமேல் வீடு. அதில் சோசுகே என்று ஐந்து வயதுப் பையன். கண்ணாடி ஜாடிக்குள் மாட்டிக் கரையொதுங்கிய சின்ன மீன் ஒன்றைக் காப்பாற்றிப் பொன்யோ என்று பெயர் வைக்கிறான். அந்த மீனுக்கு மனுசப் பிள்ளையாக ஆசை. அது பெண்குழந்தையாக மாற, கடல் நிலைகுலைந்து ஊருக்குள் வந்துவிடுகிறது. கதை அவ்வளவுதான்.

நான் அந்தப் படத்தைப் பார்ப்பது பையனின் அம்மா லீசாவுக்காக. புருஷன் கோயிச்சி கப்பல் கேப்டன். இன்று ராத்திரி வீட்டுக்கு வருவதாகச் சொன்னவன், கடைசி நேரத்தில் வரமுடியாது என்கிறான். ஆனால் கப்பல் அவர்கள் வீட்டுக்கு நேராகத்தான் இருட்டில் கடந்து போகிறது. அங்கிருந்து விளக்கை மினுக்கி மன்னிப்புக் கேட்கிறான். பையனும் வீட்டு விளக்கை மினுக்கிப் பதில் சொல்கிறான். லீசாவோ விளக்கைப் பிடுங்கி, 'முட்டாள், முட்டாள்' என்று திரும்பத் திரும்ப மினுக்கிவிட்டு உள்ளே போய்த் தரையில் படுத்துக்கொள்கிறாள். பிள்ளைதான் தலையைத் தடவித் தேற்றுகிறான்.

பாம்பனில் பிறந்து வளர்ந்தவளுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? எங்கள் அய்யா வல்லம் என்கிற நாட்டுப்படகில் கடலுக்குப் போனவர். சொன்ன நாளில் வராவிட்டால், வருகிற அன்று அம்மா குழம்பு வைப்பாள், சோறு போடுவாள், ஒரு வார்த்தை பேச மாட்டாள். இப்போது படகில் போன் இருக்கிறது. டவர் கிடைத்ததும் முதல் போன் வியாபாரிக்கு, அடுத்ததுதான் வீட்டுக்கு. கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது. நம் பாட்டிலும் படத்திலும் கரையில் இருக்கிறவளைக் கண்ணீரோடு தொடுவானம் பார்க்கவே நிறுத்திவைப்பார்கள். லீசா கார் ஓட்டுகிறாள், வேலைக்குப் போகிறாள், கோபித்துக்கொள்கிறாள், பிள்ளைக்கு நூடுல்ஸ் வைக்கிறாள். கடலுக்குப் போனவனுக்குச் சமமாக அவளுக்கும் கதையில் பங்கு உண்டு.

அவள் வேலை பார்ப்பது முதியோர் பராமரிப்பு இல்லத்தில். பக்கத்திலேயே பிள்ளையின் பாலர் பள்ளி. பால்வாடியில் வேலை பார்த்த எனக்கு அந்த ஏற்பாட்டைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. சக்கர நாற்காலிக் கிழவிகளில் டோக்கி என்று ஒரு சிடுமூஞ்சி உண்டு. 'மனுச முகத்து மீன் கரைக்கு வந்தால் சுனாமி வரும்' என்று கத்துவாள். உன் மாமியாருக்கு அவளைப் பிடித்துவிடும்.

புயல் ராத்திரியில் அந்த இல்லத்தைப் பார்க்கப் போகிறேன் என்று லீசா, சோசுகே, பொன்யோ இரண்டு பிள்ளைகளையும் வீட்டில் விட்டுப் போகிறாளே, இவள் ஒரு தாயா என்று மாமியார் கேட்பார். கேட்கட்டும். நானும் கேட்டேன். இன்றுவரை எனக்கு அதில் சம்மதமில்லை.

இன்னொன்றும் உண்டு. என் அப்பத்தா தனுஷ்கோடிக்காரி. 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல் அவள் ஊரைக் கொண்டுபோனது. பாம்பனிலிருந்து கிளம்பிய பாசஞ்சர் ரயிலும் ஆட்களோடு போனது. இந்தப் படத்திலும் ஊர் மூழ்குகிறது, ரோட்டுக்கு மேலே பழங்காலத்து மீன்கள் நீந்துகின்றன, ஆனால் ஒருத்தரும் சாகவில்லை. முதல் தடவை பார்த்தபோது எரிச்சலாக வந்தது. கடலுக்கு என்ன விளையாட்டா? பேரப்பிள்ளைகளோடு பார்த்தபோது வேறு மாதிரி பட்டது. கடல் பொங்கினால் சாவு என்று கேட்டுக் கேட்டே வளர்கிற பிள்ளைகள் இவர்கள். ஊர் முழுக்கத் தப்பித்த கதை ஒன்றையும் பார்க்கட்டுமே.

அலைகளை விட்டுவிட்டேன் பார். எல்லாம் கையால் வரைந்தது, மொத்தம் சுமார் 1,70,000 படங்கள். அலைக்குக் கண் இருக்கும், மீன் உடம்பு இருக்கும், அதன் முதுகில் பொன்யோ ஓடிவருவாள். வாடைக்காலத்தில் வடகடல் புரண்டு வருவதைப் பார்த்தவர்கள் அதைப் பொய் என்று சொல்ல மாட்டார்கள். மறுநாள் பிள்ளைகள் ஏறிப்போகிற படகு, ஏர்வாடி சந்தனக்கூட்டுக் கடைகளில் விற்குமே, தண்ணீர்த் தட்டில் விட்டால் டப்டப்பென்று ஓடும் தகரப் படகு, அந்தச் சாதி. மெழுகுவத்தியில் ஓடும். உன் பிள்ளைகள் மறுநாளே கேட்கும், தயாராக இரு.

கேள்வி: நீமோ படம் பார்த்ததிலிருந்து மகள் அந்த மீனைத் தொட்டியில் வளர்க்கணும்னு அழுகிறாள். வாங்கலாமா?
(வாசகர், கீழக்கரை)

பதில்: தம்பி, நீமோவின் தகப்பன் கடல் முழுக்க அலைந்ததே தொட்டிக்குப் போன மகனைத் தேடித்தான். அதை மகளிடம் ஒருமுறை ஞாபகப்படுத்துங்கள். அப்புறமும் அழுதால், மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இருக்கிறது. நீமோவின் இனமான கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கும் வித்தை தெரிந்தவர்கள். விசாரியுங்கள். உப்புநீர்த் தொட்டி செலவு பிடிக்கும், பராமரிப்பும் தினசரி வேலை. நம் பவளப் பாரிலிருந்து பிடித்துவந்த மீனை மட்டும் வாங்காதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. அழகுக்கென்று பவளத்துண்டும் போடவேண்டாம். வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலியோடு பவளமும் இருக்கிறது.

மகள் கொஞ்சம் பெரியவளானதும் இதையும் சொல்லலாம்: கோமாளி மீன் குடும்பத்தில் பெண் இறந்தால், ஆணே பெண்ணாக மாறிவிடும். நீமோவின் அம்மாவை ஊழி மீன் தின்றபிறகு, அப்பா சீக்கிரமே அம்மாவாகியிருக்க வேண்டும். படக்காரர்கள் அதைத் தொடவில்லை.

கேள்வி: வேற்று மொழிப் படத்தை எழுத்து வாசிக்கத் தெரியாத தம்பிக்கு எப்படிக் காட்டுவது?
(மாணவி, தொண்டி)

பதில்: நீ முதலில் தனியாகப் பார்த்துவிடு. அப்புறம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து வசனத்தை உன் பேச்சில் சொல்லிக்கொண்டே வா. வரிக்கு வரி வேண்டாம், பாதி போதும். மீதியை முகத்தைப் பார்த்தே பிடித்துக்கொள்வான். பொன்யோ ஓயாமல் கேட்கிற ஹாமை, அதாவது உப்புப் போட்ட பன்றிக்கறியை, நான் கருவாடு என்று சொல்லிப் பார்த்தேன். "கருவாடு இம்புட்டு சிவப்பாவா இருக்கும் அப்பத்தா?" என்று பேரன் மடக்கிவிட்டான்.