க்ரீன் ஏன் ‘கிரீன்’ ஆகிறது?

முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வாசிக்கக் கற்றுத்தருகிறேன். இரண்டு மெய்யொலிகள் அடுத்தடுத்து வரும் ‘ப்ளெண்ட்ஸ்’ பற்றிப் பெற்றோர் கேட்டவையும் என் பதில்களும்.

கேள்வி: டீச்சர், யூகேஜி படிக்கும் என் மகன் க்ரீனைக் ‘கிரீன்’ என்றும் ஸ்கூலை ‘இஸ்கூல்’ என்றும் வாசிக்கிறான். எத்தனை தடவை திருத்தினாலும் மாறவில்லை.

பதில்: திட்டாதீர்கள் அம்மா. தமிழில் உயிர் சேராத மெய் சொல்லுக்கு முதலில் வராது. தொல்காப்பியத்திலேயே இந்த விதி இருக்கிறது. வடமொழி ‘க்ராம’ நம்மிடம் கிராமம் ஆனதும், ‘ஸ்நேகம்’ சிநேகம் ஆனதும் இதனால்தான். உங்கள் மகன் வாயிலும் அதுவே நடக்கிறது.

நம் பங்கும் உண்டு. எழுத்தின் ஒலியைச் சொல்லித்தரும்போது ‘க்’ என்று நிறுத்தாமல் ‘கஹ்’, ‘ரஹ்’ என்று இழுத்துவிடுகிறோம். கஹ்-ரஹ்-ஈ-ன் என்று எவ்வளவு வேகமாகச் சேர்த்தாலும் க்ரீன் வராது. முதலில் நாம் அந்த வாலை வெட்ட வேண்டும்.

அப்புறம் கொஞ்சம் புளியங்கொட்டை எடுங்கள். ஓர் ஒலிக்கு ஒரு கொட்டை: க், ர், ஈ, ன். நான்கு வர வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் கி, ரீ, ன் என்று மூன்றுதான் வைப்பார்கள். ‘கி’யில் ஒளிந்திருக்கும் ‘இ’யைப் புத்தகத்தில் தேடச் சொல்லுங்கள். ஜிக்கு அடுத்து நேராக ஆர்தான் நிற்கிறது என்று அவனே கண்டுபிடிப்பான். ஸ்கூலுக்கு, பாம்பு சீறுவது போல ‘ஸ்ஸ்ஸ்’ என்று இழுத்துவிட்டு ‘கூல்’ சொல்லட்டும். இழுப்பை நாளுக்கு நாள் குறையுங்கள்.

கேள்வி: எதில் தொடங்கலாம்?

பதில்: கேட், பிக், சன் போன்ற மூன்றெழுத்துச் சொற்களைத் தடுமாறாமல் வாசித்த பிறகு தொடங்குங்கள். நீட்டிச் சொல்ல முடிகிற ஒலிகள் முதலில்: லிப், ஸ்லிப், நேப், ஸ்னேப். நீட்ட முடியாத ட், ப், க் பிறகு. சொல்லின் கடைசியில் வரும் ஹேண்ட், லேம்ப் நம் பிள்ளைகளுக்குச் சுலபம். பந்து, பம்பரம் சொல்லிப் பழகிய வாய் அல்லவா! ஆனால் ‘லேம்பு’, ‘டெண்டு’ என்று உகரம் ஒட்டிக்கொள்ளும். மெல்லினத்துக்குப் பின்னால் வல்லினம் மென்மையாகிவிடுவதால், டெண்ட் எழுதும்போது கடைசியில் டைகரின் டிக்குப் பதில் டாகின் டி வந்து நிற்கும். கவனியுங்கள்.

கேள்வி: பிஎல், சிஎல், எஸ்டி என்று அட்டவணையை மனப்பாடம் செய்ய வைக்கலாமா?

பதில்: வேண்டாம் சார். ஒவ்வொரு ஒலியும் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரியும். சேர்க்கப் பழகினால் போதும்.

கேள்வி: ட்ரெயின் எழுதச் சொன்னால் மகள் சி-ஹெச் போட்டுத் தொடங்குகிறாள்.

பதில்: அவள் நன்றாகத்தான் கேட்கிறாள்! ட், ர் சேரும்போது ‘ச்’ சாயல் வருகிறது. ஆங்கிலம் பேசும் அமெரிக்கக் குழந்தைகளும் இப்படி எழுதுவதை மொழியியல் ஆய்வாளர் சார்லஸ் ரீட் 1971-ல் எழுதியிருக்கிறார். சிவப்பு மையில் அடிக்காமல், ட்ரீ, ட்ரக், ட்ரிப் என்று சேர்ந்தாற்போல் எழுதிக் காட்டுங்கள்.

கேள்வி: ஷிப்பில் வரும் எஸ்-ஹெச்சும் ப்ளெண்டா?

பதில்: இல்லை. ப்ளெண்டில் இரண்டு எழுத்துக்கு இரண்டு ஒலி. இங்கே இரண்டு எழுத்துக்கும் சேர்த்து ஒரே ஒலி, ஒரே புளியங்கொட்டை.