ஒரு கிரீம் டியூபின் டிசைன் நம்மை மாற்றுமா?

பாக்கெட் டிசைனும் விளம்பரமும் நம் அடையாளத்தை எப்படி மாற்றும் என்று கேட்டிருக்கிறீர்கள். 1975-இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லியையே எடுத்துக்கொள்வோம். அட்டையில் ஒரே பெண்ணின் முகம், கறுப்பிலிருந்து சிவப்பாக. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் சேதி போய்விடும்: உங்கள் நிறம் பாதி வழியில்தான் நிற்கிறது! டிவி விளம்பரத்திலோ, சிவந்ததும் வேலை கிடைக்கும், மாப்பிள்ளை அமைவார். "பொண்ணு கொஞ்சம் கறுப்பு" என்ற பேச்சு முன்பே இருந்ததுதான். அதைக் காசாக்கியது நியாயமா என்பதே கேள்வி.

கறுப்பானவரை வேலையிலோ கல்யாணத்திலோ தோற்றவராகக் காட்டக்கூடாது என்று 2014-இல் இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் நெறிமுறை வகுத்தது. 2019-இல் அந்த முகப் படம் போனது, 2020-இல் பெயர் க்ளோ அண்ட் லவ்லி ஆனது. பெயரைவிடப் படத்தை எடுத்ததுதான் பெரிய விஷயம் என்பேன். கடையில் கண்ணில் முதலில் படுவது படம்தானே.