கீமோ முடிந்த பிறகும் அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது. இதயத்தைப் பரிசோதிக்க வேண்டுமா?

கண்டிப்பாக. "கீமோ களைப்புதான், போகப் போகச் சரியாகிவிடும்" என்று சொல்லி அனுப்பினார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான் என்னைப் பதில் எழுத வைத்தது. எனக்கும் அதையேதான் சொன்னார்கள்.

மார்பகப் புற்றுநோய் என்றால் அம்மாவுக்கும் அநேகமாக அந்தச் சிவப்பு மருந்து, டாக்ஸோரூபிசின், ஏற்றியிருப்பார்கள். உடம்பில் ஏறிய மொத்த அளவு கூடக் கூட இதயத் தசை பலவீனமாகும் ஆபத்தும் கூடும். அதற்கு வாழ்நாள் உச்சவரம்பு வைத்திருப்பதே இதனால்தான். பாதிப்பு சில மாதங்களிலும் தெரியலாம், பல வருடம் கழித்தும் தெரியலாம்.

எனக்கு அந்தச் சிவப்பு மருந்து முடிந்து, டிராஸ்டுசுமாப் என்ற இன்னொரு புற்றுநோய் ஊசி ஓடிக்கொண்டிருந்த சமயம். மாடிப்படியில் பாதியில் நின்றுவிடுவேன். படுத்தால் மூச்சு முட்டும், எழுந்து உட்கார்ந்தால் அடங்கும். சாயங்காலமானால் செருப்பு வார் காலில் பதிந்திருக்கும். ரத்தம் குறைவு என்றார்கள், மனக்கவலை என்றார்கள். அடம்பிடித்துத்தான் எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எடுத்தேன். ஆரம்பத்தில் 62 சதவீதம் இருந்த பம்பிங் (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு) 44க்கு இறங்கியிருந்தது. இத்தனைக்கும் அந்த ஊசி போடும் காலத்தில் 3 மாதத்துக்கு ஒருமுறை எக்கோ எடுப்பதுதான் வழக்கம். என் ஃபைலில் நடுவில் ஒன்று விடுபட்டுப் போனதை யாரும் கவனிக்கவில்லை.

ஊசியை நிறுத்திவைத்தார்கள். இதய டாக்டர் ராமிப்ரில், கார்வெடிலால் இரண்டையும் சின்ன அளவில் தொடங்கி மெல்ல ஏற்றினார். முதலில் எழுந்து நின்றாலே தலை சுற்றியது, பிறகு பழகிவிட்டது. தினமும் காலையில் எடை பார்க்கச் சொன்னார். சில நாளில் 2 கிலோ ஏறினால் அது சதை இல்லை, நீர். பம்பிங் 54 வந்ததும் ஊசியைத் தொடர்ந்தார்கள். டிராஸ்டுசுமாபால் வருவது பெரும்பாலும் மீளக்கூடியது. சிவப்பு மருந்துக்கு அந்த உத்தரவாதம் இல்லை, சீக்கிரம் கண்டுபிடித்தால்தான் வாய்ப்பு.

"கீமோவுக்கு எதிராகப் பயமுறுத்துகிறாயா" என்று யாராவது வருவார்கள். அந்த மருந்துகள் இல்லையென்றால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். நான் டாக்டரும் இல்லை. எக்கோ கேளுங்கள் என்றுதான் சொல்கிறேன், மாத்திரையை மாற்றச் சொல்லவில்லை.

சொல்லாமல் இருக்க முடியவில்லை: விழிப்புணர்வு விழா என்று மேடையேற்றி "வென்று வந்த வீராங்கனை" என்று சால்வை போடுகிறார்களே, நின்றபடியே பேசச் சொல்கிறார்கள். நாற்காலி கேட்டால் முகம் மாறுகிறது. வீராங்கனைக்கு மூச்சு வாங்கக் கூடாதாம்!

சரி, அம்மா விஷயம். கீமோவுக்கு முன் எடுத்த எக்கோ ரிப்போர்ட், ஏற்றிய மருந்துகளின் மொத்த அளவு இரண்டையும் தேடி எடுத்துக்கொண்டு போங்கள். புது ரிப்போர்ட்டில் பம்பிங் 52 என்றால் "கொஞ்சம்தான் குறைவு" என்பார்கள். முன்பு 66 இருந்திருந்தால் அது கொஞ்சம் இல்லை. இடது பக்கம் கதிர்வீச்சு கொடுத்திருந்தால் அதையும் சொல்லுங்கள், ரத்தக் குழாய் அடைப்பு பல வருடம் கழித்து வரக்கூடும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டினாலோ நெஞ்சு வலித்தாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.