ஷூவைப் பூட்டும் பெடலுக்கு எவ்வளவு செலவழிப்பது?

கேள்வி: ஓராண்டாகச் சாதாரணத் தட்டைப் பெடலில் மலைப்பாதைகளில் சைக்கிள் ஓட்டுகிறேன். ஷூவோடு பூட்டிக்கொள்ளும் கிளிப்லெஸ் பெடலுக்கு மாற முடிவு செய்திருக்கிறேன். ஒரே நிறுவனத்திலேயே கீழ்மட்ட மாடலுக்கும் உயர்மட்ட மாடலுக்கும் விலை பல மடங்கு வேறுபடுகிறது. "வாங்குவதே ஒருமுறைதான், நல்லதாக வாங்கு" என்கிறார்கள் நண்பர்கள். கூடுதலாகக் கொடுக்கும் பணத்துக்கு எனக்கு என்னதான் கிடைக்கும்?

பதில்: கீழ்மட்ட மாடலையே வாங்குங்கள். ஆனால் அது பல ஆண்டுகளாகப் பலர் ஓட்டித் தேர்ந்த ஒரு வரிசையின் கீழ்மட்ட மாடலாக இருக்கட்டும். மிச்சமாகும் பணத்தை ஷூவில் போடுங்கள்.

இதை நான் இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குப் பெடலின் அமைப்பே காரணம். ஷிமானோ நிறுவனம் 1990-ல் எஸ்.பி.டி. என்ற பூட்டும் பெடலைக் கொண்டுவந்தது. ஷூவின் அடியில் இரண்டு திருகுகளால் பொருத்திய சிறிய எஃகுத் துண்டுதான் கிளீட். அது ஷூவின் அடிப்பாகத்துக்குள் பதிந்திருப்பதால் இறங்கி நடக்கவும் முடிகிறது. கிளீட்டின் முனையைப் பெடலின் முன்பக்கக் கொக்கியில் செருகி அழுத்தினால், பின்பக்கத்தில் ஸ்பிரிங்கோடு இருக்கும் தாடை கவ்விக்கொள்கிறது. குதிகாலை வெளிப்பக்கமாகத் திருப்பினால் விட்டுவிடுகிறது. எவ்வளவு இறுக்கமாகக் கவ்வ வேண்டும் என்பதை 3 மி.மீ. ஆலன் சாவியால் நீங்களே மாற்றிக்கொள்ளலாம். கீழ்மட்ட எம்520 மாடலிலும் உச்சியில் இருக்கும் எக்ஸ்.டி.ஆர். மாடலிலும் இதே ஏற்பாடுதான். இரண்டிலும் பூட்டுவது ஒரே கிளீட். உங்கள் கால் உணரப்போவது இந்தப் பிடிப்பைத்தான், அது விலையோடு சேர்ந்து ஏறுவதில்லை.

ஏறுவது எது? முதலில், எடை குறைகிறது. எம்520 ஒரு ஜோடி ஏறத்தாழ 380 கிராம், எக்ஸ்.டி.ஆர். ஏறத்தாழ 310 கிராம். வித்தியாசம் 70 கிராம். மேட்டில் ஏறும் முன் குப்பியிலிருந்து மூன்று நான்கு மடக்குத் தண்ணீர் குடித்தால் அந்த எடை சைக்கிளிலிருந்து இறங்கிவிடும். பந்தயத்தில் நொடிகளை எண்ணுபவருக்கு அது பெரிது. உங்கள் கடிதத்தில் பந்தயத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அடுத்து, உடற்பகுதி இன்னும் நுட்பமாகச் செதுக்கப்பட்டிருக்கும். சேறு தங்கும் இடுக்குகள் சற்றுக் குறையும். மேற்பூச்சு நன்றாக இருக்கும். நல்லவைதான். ஆனால் முதன்முதலாகப் பூட்டும் பெடலுக்கு வருபவர் காசு கொடுத்துத் தேட வேண்டியவை அல்ல.

பேரிங் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். எம்520-ன் அச்சைக் கழற்றிச் சுத்தம் செய்து, புதிய கிரீஸ் போட்டு மறுபடி மாட்டலாம். ஆண்டுக்கொரு முறை இதைச் செய்பவரிடம் விலை குறைந்த பெடல் நெடுங்காலம் உழைக்கும். விலை உயர்ந்ததை வாங்கி, நீரோடைகளில் முக்கியெடுத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் விட்டால் அதுவும் கரகரக்கத் தொடங்கும்.

இப்போது ஷூ. இந்தப் பெடலின் தளம் சிறியது. ஷூவின் அடிப்பாகம் வளையும் வகையாக இருந்தால் முழு அழுத்தமும் கிளீட்டுக்கு நேர் மேலே ஒரே இடத்தில் குவியும். ஒரு மணி நேரத்தில் பாதம் எரியும், விரல்கள் மரத்துப்போகும். பெடல் சரியில்லை என்று நினைத்து விலை உயர்ந்த பெடலுக்கு மாறி, அதே வலியோடு திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காக வருந்தியும் இருக்கிறேன். விறைப்பான அடிப்பாகமும் காலுக்குப் பொருந்தும் அளவும் உள்ள ஷூவை முதலில் தேர்ந்தெடுங்கள். கிளீட் உங்கள் பாதத்தின் முன்பந்துக்கு, அதாவது விரல்களுக்குப் பின்னால் உள்ள தடித்த பகுதிக்கு, நேர் கீழே வரட்டும்.

கூடுதல் செலவுக்கு நியாயம் உள்ள இடம் சேறு. உங்கள் பாதைகள் ஆண்டில் பாதி நாள் களிமண்ணாக இருந்தால் கிராங்க்பிரதர்ஸ் நிறுவனத்தின் எக்பீட்டர் பெடலைப் பாருங்கள். நான்கு பக்கமும் கிளீட்டை ஏற்கும், திறந்த அமைப்பு என்பதால் சேறு வழிந்து போய்விடும். அதிலும் விலை ஏறுவது எஃகு டைட்டானியமாக மாறுவதால்தான். நுழையும் முறை எல்லா மாடலிலும் ஒன்றே. இரண்டு விஷயங்களை மட்டும் தெரிந்துகொண்டு வாங்குங்கள். பிடிப்பை இறுக்கவோ தளர்த்தவோ அதில் திருகு கிடையாது. வழக்கமான கிளீட்டுகளை இடம் வலம் மாற்றிப் போட்டால் காலை விடுவிக்கத் திருப்ப வேண்டிய கோணம் 15 பாகையிலிருந்து 20 பாகையாக மாறும், அவ்வளவுதான். இன்னொன்று, கிளீட் பித்தளை. எஃகைவிட விரைவில் தேயும், பாறைகளில் நடந்தால் இன்னும் விரைவில். பெடலின் விலையோடு கிளீட்டின் விலையையும் கூட்டிப் பாருங்கள்.

பூட்டும் இடத்தைச் சுற்றி அகன்ற தளம் உள்ள பெடல்களும் உண்டு. செங்குத்தான இறக்கங்களில் கால் பூட்டாமலேயே ஊன்றி நிற்க அவை உதவும். குறைந்த விலையிலும் கிடைக்கின்றன.

சிக்கனம் எங்கே ஆபத்தாகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். நான் முதன்முதலில் வாங்கியது பெயரே கேள்விப்படாத ஒரு மலிவுப் பெடல். பார்வைக்கு அசலைப் போலவே இருந்தது. மூன்றாவது வாரம் ஒரு பாறை மேட்டில் வேகம் இழந்து நின்றபோது இடது கால் விடுபடவில்லை. சைக்கிளோடு சாய்ந்து விழுந்தேன், முழங்கையில் ஆழமாகக் கிழிந்தது. பிரித்துப் பார்த்தால் தாடையைப் பிடித்திருந்த திருகு தளர்ந்து ஸ்பிரிங் கோணலாக நின்றிருந்தது. காலை விடுவிக்காத பெடலில் மிச்சம் பிடித்த பணத்தை எப்படி மிச்சம் என்று சொல்வது?

ஆகவே எதை வாங்கினாலும் கடையிலேயே சோதியுங்கள். ஒரு கிளீட்டைக் கையில் வைத்து, இரண்டு பெடல்களிலும் இரு பக்கமும் அழுத்திப் பாருங்கள். நான்கு இடத்திலும் ஒரே விசையில் பூட்ட வேண்டும், விடுபட வேண்டும். அச்சைப் பிடித்துக்கொண்டு பெடலை ஆட்டுங்கள், துளியும் ஆடக் கூடாது. விரலால் சுற்றிவிட்டால் வெகுநேரம் சுழல்வது சிறந்தது என்று பலர் நம்புகிறார்கள். புதுப் பெடலில் கிரீஸும் அடைப்பு வளையமும் லேசாகப் பிடித்துக்கொண்டு அது மெதுவாக நிற்பதே இயல்பு.

கேள்வி: காலைப் பூட்டிக்கொண்டு ஓட்டுவதை நினைத்தாலே பயமாக இருக்கிறது. விலை உயர்ந்த பெடல் எளிதாக விடுபடுமா?

பதில்: விலை கூடியதால் மட்டும் எளிதாக விடுபடாது. உங்களுக்கு உதவக்கூடியது கிளீட். எஸ்.பி.டி.யில் எஸ்.எச்.51 என்ற கிளீட் பக்கவாட்டில் திருப்பினால் மட்டுமே விடுபடும். எஸ்.எச்.56 பல திசைகளில் விடுபடும், பதற்றத்தில் காலைக் கோணலாக இழுத்தாலும் வந்துவிடும். வலுவாக மேல்நோக்கி இழுத்து மிதிக்கும்போது எதிர்பாராமல் கழன்றுகொள்வது அதன் குறை. தொடக்கத்தில் அந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. இறுக்கத் திருகை நான்கு இடத்திலும் ஒரே அளவுக்குத் தளர்த்தி வையுங்கள். சுவரைப் பிடித்து நின்றபடி ஒவ்வொரு காலையும் ஐம்பது முறை பூட்டி விடுவியுங்கள், பிறகு புல்தரையில் ஓட்டுங்கள். நிற்பதற்கு முன்பே காலை விடுவிக்கும் பழக்கம் வரும்வரை பாறைப் பாதைக்குப் போக வேண்டாம்.

கேள்வி: ரோடு சைக்கிளுக்கு வாங்கிய ஷூ இருக்கிறது. மலை சைக்கிள் பெடலுக்கும் அதுவே போதுமா?

பதில்: அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். முக்கோணமாக மூன்று துளைகள் மட்டும் இருந்தால் ஆகாது. அது ரோடு பெடலின் பெரிய கிளீட்டுக்கானது. எஸ்.பி.டி., எக்பீட்டர் இரண்டுக்கும் அருகருகே இரண்டு திருகுகள் போடும் நீள்துளைகள் வேண்டும். இரு வகைத் துளைகளும் உள்ள ஷூக்கள் சில உண்டு என்றாலும், வழுவழுப்பான அடிப்பாகத்தோடு பாறையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பது கடினம்.

பெடலை வீட்டிலேயே மாட்டுவதாக இருந்தால், இடது பெடலின் மரை தலைகீழானது. இடப்பக்கமாகத் திருப்பினால்தான் இறுகும். இரண்டு மரையிலும் கிரீஸ் தடவி, முதலில் விரலால் திருகுங்கள். விரலுக்கு இசையாமல் கோணலாகப் போனால் சாவியைத் தொடாமல் கழற்றி மறுபடி தொடங்குங்கள். பெடலை மாட்டும் கையான கிராங்கின் மரை அலுமினியம், பெடல் அச்சு எஃகு. பலவந்தம் செய்தால் கெடுவது கிராங்க்தான்.