தோட்டத் தொழிலாளர் வாழ்க்கையை உண்மையாகக் காட்டிய தமிழ்ப் படம் எது?

பழையதோ புதியதோ, ஒரு படத்தைச் சொல்லுமாறு கேட்டிருக்கிறீர்கள். என் விடை, லெனின் பாரதி இயக்கி 2018இல் வெளிவந்த 'மேற்குத் தொடர்ச்சி மலை'. மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில், பால்மரம் எனும் ரப்பர் மரம் வெட்டிய பெற்றோருக்குப் பிறந்து, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் வளர்ந்தவன் நான். ஆகவே ஒரு படத்தில் தோட்டம் வந்தால் முதலில் வேலையைத்தான் தேடுவேன்.

எங்கள் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போட்ட நாள்களில், 'எஸ்டேட்' என்ற சொல் திரையில் அடிக்கடி கேட்கும். ஆனால் அது பெரும்பாலும் கதாநாயகியின் தந்தைக்குச் சொந்தமான மலைப் பங்களாவாகவே இருக்கும். இருட்டில் எழுந்து பிரட்டு எனும் பெயர் கூப்பிடும் அணிவகுப்புக்கு நின்று, நெற்றி விளக்கோடு மர வரிசையான நிரைக்குப் போய், மங்கு எனும் கிண்ணத்தில் சேர்ந்த பாலை வாளிகளில் ஊற்றிக் காண்டா எனும் தோள்கழியில் சுமந்து வந்த மக்கள், பாயில் உட்கார்ந்து அந்தப் பங்களாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பழையவற்றில் மகேந்திரனின் 'முள்ளும் மலரும்' (1978) எனக்கு நெருக்கமானதற்குக் காரணம், அது தோட்டக் கதை அல்ல என்றாலும், மலையில் விஞ்ச் எனும் இழுவை வண்டியை இயக்கும் நாயகன் காளியின் தன்மானம் அவன் செய்யும் தொழிலோடு பிணைந்திருப்பதுதான்.

பாலாவின் 'பரதேசி'யை (2013) மதிக்கிறேன். மனைவி குழந்தையோடு அதே தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேரும் இறுதிக் காட்சியில் நாயகன் கதறும்போது நானும் அழுதேன். ஆயினும் அங்கே தொழிலாளர்கள் வதைபடுபவர்களாக மட்டுமே எஞ்சுகிறார்கள். மரத்தில் காயம் படாமல் பட்டையை மெல்லிதாகச் சீவத் தெரிந்த என் அம்மாவின் கைத்திறன் போன்ற ஒன்றுக்கு அதில் இடமில்லை. 'கபாலி' (2016) மலேசியாவில் எங்கள் மக்களின் கூலிப் போராட்டத்தைப் பெருமையோடு தொட்டது. பிறகு குண்டர் கும்பல் கதை அதை விழுங்கிவிட்டது.

'மேற்குத் தொடர்ச்சி மலை'யில் நாயகன் ரங்கசாமி ஏலக்காய் மூட்டை சுமந்து மலை இறங்குகிறான். காணி நிலம் வாங்க வேண்டும் என்பதே அவன் கனவு. சேமிப்பெல்லாம் போட்டு வாங்கிய மூட்டை பள்ளத்தில் உருண்டு சிதறும்போது, பின்னணியில் எவரும் சவுக்கு வீசவில்லை. கடைசியில் கைவிட்டுப் போன தன் நிலத்திலேயே, சுழலும் காற்றாலையின் அடியில் காவலாளியாக உட்கார்ந்திருக்கிறான். கேமரா மேலெழுந்து விலக விலக அவன் ஒரு புள்ளியாகிறான். அந்தக் காட்சியை ஐந்தாறு முறை பார்த்திருப்பேன்.

நம் நாட்டுப் படம்தான் வேண்டுமென்றால் சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' (2015). கெட்டவன் என்ற பொருள் தரும் மலாய்ச் சொல்லை நாம் உச்சரிக்கும் விதமே அதன் தலைப்பு. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் 1990களின் தொடக்கத்தில் எங்கே போய்ச் சேர்ந்தன என்பதை, அப்போய் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவனை வைத்துச் சொல்கிறது. 2016 மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த படமாகத் தேர்வானது எங்களுக்குப் பெருமை.

இன்னொரு கதை மிச்சமிருக்கிறது. பெருந்தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலில் மக்கள் தெருவுக்கு வந்தபோது, அன்று அமைச்சராக இருந்த எங்கள் ஊர்க்காரர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர் பணத்திலேயே தோட்டங்களை வாங்க முனைந்தார். அதைக் கருவாகக் கொண்ட கதைப்படம் எதையும் நான் பார்த்ததில்லை. தாத்தா தகரப் பெட்டியில் பூட்டி வைத்திருந்த பங்குப் பத்திரம் இப்போது என்னிடம் இருக்கிறது. யாராவது படம் எடுக்க முன்வந்தால் முதலில் அதைத்தான் கொண்டுபோய்க் காட்டுவேன்.