பின்னால் நிற்கும் தூண்

அன்புள்ள அண்ணனுக்கு,

குலசேகரத்தில் எங்களுக்கு ரப்பர் ஷீட் கொள்முதல் கடை. ஐந்து வருட மாதச் சராசரி விலையை எக்செலில் ஏற்றிவிட்டேன். அதை விஆரில் (ஹெட்செட் மாட்டிப் பார்க்கும் மெய்நிகர் உலகில்) அறுபது தூண்களாக நிறுத்தி, நடுவே நடந்து பார்க்க ஆசை. அப்பா இன்னும் கோடு போட்ட நோட்டை விடவில்லை, பழைய ஆள். எந்த ஹெட்செட் வாங்கலாம்?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

ஹெட்செட் கிடக்கட்டும். இந்தத் தூண் மோகத்தை நானே கொஞ்ச நாளாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன், நீயாக வந்து மாட்டினாய்.

ரூபாய்க்கு ஒரு சென்டிமீட்டர் என்று வை. 150 ரூபாய்த் தூண் உன்னிடமிருந்து இரண்டு மீட்டர் தள்ளி, 180 ரூபாய்த் தூண் மூன்று மீட்டர் தள்ளி. கண்ணுக்கு எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்றறிய உயரத்தைத் தூரத்தால் வகு: முன்னது 75, பின்னது 60. விலை குறைந்த மாதம் ஓங்கித் தெரிகிறது! இரண்டு கண்ணும் சேர்ந்தால் மூளை ஓரளவு திருத்தும்தான். ஆனால் கண்களுக்கு இடைவெளி ஆறு சென்டிமீட்டர் சொச்சம். தூரம் இரட்டித்தால் ஆழத்தைக் கணிப்பதில் பிழை நாலு மடங்கு. ரூபாய்க் கணக்கில் 'ஓரளவு' எதற்கு ஆகும்?

மறைப்பு வேறு. மழையில் பால்வெட்டு நின்று ஜூன் விலை ஏறியிருந்தால், அந்தத் தூணுக்குப் பின்னால் முந்தின வருட ஜூன் ஒளிந்துகொள்ளும். நீ ஒப்பிட வேண்டியதே அந்த இரண்டைத்தான். சுற்றிப் போய்ப் பார்ப்பேன் என்பாய். போய்ச் சேர்வதற்குள் முதல் தூணின் உயரம் மறந்திருக்கும், மக்கா. ஒரே அளவுகோலில் புள்ளிகளின் இடத்தை ஒப்பிடும்போதுதான் கண் குறைவாகத் தவறுகிறது என்று புள்ளியியலாளர்கள் கிளீவ்லண்டும் மெக்கில்லும் 1984-லேயே சோதித்துச் சொல்லியாயிற்று.

அப்பாவின் நோட்டில் 180 எந்தப் பக்கத்தில் இருந்தாலும் 180. பழைய ஆள் என்று இனி எழுதாதே.

எக்செலில் கீழே பன்னிரண்டு மாதம், வருடத்துக்கு ஒரு கோடு. இந்த வருடம் தடித்த கறுப்பு, மற்ற நாலும் வெளிர் சாம்பல். கோட்டயம் சந்தையின் ஆர்எஸ்எஸ் 4 (புகையூட்டிய ரப்பர் ஷீட்டில் நாலாம் தரம்) விலையைக் கடை விலையோடு கலக்காதே. வித்தியாசத்தைத் தனிப் படமாகப் போடு.

விஆர்தான் வேண்டுமென்றால் பேச்சிப்பாறைப் பக்கத்து மலைச்சரிவைக் காட்டு: எந்தத் தோட்டத்திலிருந்து எவ்வளவு ஷீட், வண்டி எந்த வழியாக ஏறுகிறது. அங்கே மேடு பள்ளம் நிஜம். நிலத்தைக் கையால் பிடித்து இழுக்கும்படி வை. ஜாய்ஸ்டிக்கில் பறக்கவிட்டால் அப்பாவுக்குத் தலை சுற்றும்.

ஹெட்செட்டுக்கு மெட்டாவின் குவெஸ்ட் 3 போதும். 515 கிராம், ஒரு சார்ஜ் சுமார் இரண்டு மணி நேரம் தாங்கும். பார்வையின் ஒரு டிகிரிக்கு 25 பிக்சல்தான், சின்ன எழுத்து தெளியாது, எண்களைப் பெரிதாக எழுது. முதலில் அந்த ஐந்து கோடுகளையும் அச்செடுத்து அப்பாவின் நோட்டுக்குள் வை.