புல்தரைக்கு எந்த ரோலர்? வாசகர் கேள்விகள்

கேள்வி: பாளையங்கோட்டையில் வீட்டைச் சுற்றி 3 சென்ட் செம்மண் நிலம். கொரியன் புல் பதிக்கப்போகிறோம். சிமென்ட், இரும்பு, பிளாஸ்டிக் என்று மூன்று வகை ரோலர் கிடைக்கிறது. எதை வாங்கலாம்?

பதில்: தண்ணீர் நிரப்பும் இரும்பு ரோலரையே வாங்குங்கள். அதில் எடையைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். 60 செ.மீ. அகலமும் 40 செ.மீ. விட்டமும் உள்ள உருளை சுமார் 75 லிட்டர் பிடிக்கும். முழுக்க நிரப்பினால் 75 கிலோ கூடும். புதிதாகப் பதித்த புல்லுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு போதும். வேர் மண்ணோடு ஒட்டினால் சரி. அதே அளவு சிமென்ட் உருளை ஏறக்குறைய 180 கிலோ வரும்; குறைக்க வழியே இல்லை. பிளாஸ்டிக் ரோலர் நம் ஊர் வெயிலில் கிடந்தால் வெளுத்து விரிசல் விடும். நிழலில் வைக்க இடமிருந்தால் மட்டும் அதை யோசியுங்கள்.

வாங்கும்போது உருளையின் விளிம்பைத் தடவிப் பாருங்கள். மழுங்கியிருக்க வேண்டும், கூராக இருந்தால் திருப்பும் இடத்தில் புல்லைக் கீறிவிடும். தண்ணீர் ஊற்றி மூடியை இறுக்கி, ஒரு சுற்று உருட்டிக் கசிவு பாருங்கள். தண்ணீருக்குப் பதில் மணல் போடச் சொல்வார்கள். வேண்டாம், ஈரம் பட்டுக் கட்டிப்போனால் வெளியே எடுக்க முடியாது. வேலை முடிந்ததும் தண்ணீரை வடித்துவிடுங்கள். போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் துரு இன்னும் சீக்கிரம் பிடிக்கும்.

ஒன்றை மட்டும் ரோலரிடம் எதிர்பார்க்காதீர்கள்: அது பள்ளத்தை நிரப்பாது. புல் பதிக்கும் முன்பே மண் போட்டு மட்டம் பார்த்துவிட வேண்டும். பிறகு தெரியும் பள்ளங்களுக்குச் சலித்த மண்ணை அரை அங்குலம் அரை அங்குலமாகத் தூவுங்கள். கொரியன் புல்லை வெட்டாமல் விட்டால் தானாகவே திட்டுத் திட்டாகப் புடைக்கும். அதற்கு மருந்து கத்தரிப்புதான். எடையைக் கூட்டி அமுக்கிப் பயனில்லை.

கேள்வி: சங்கரன்கோவில் பக்கம், கரிசல் மண். ஐப்பசி மழை விட்டதும் ரோலர் போடலாமா?

பதில்: உடனே கூடாது. ஈரக் கரிசலை அமுக்கினால் மண்ணுக்குள் காற்று போகும் இடமெல்லாம் அடைபட்டு, தண்ணீர் தேங்கி, புல் மஞ்சளிக்கும். ஒரு பிடி மண்ணை உருண்டை பிடித்து விரலால் குத்துங்கள். உள்ளங்கையில் அப்பினால் காத்திருங்கள், உதிர்ந்தால் உருட்டலாம். அப்போதும் பாதித் தண்ணீரோடு நீளவாக்கில் ஒருமுறை, குறுக்கே ஒருமுறை, அதற்கு மேல் வேண்டாம். ஏற்கெனவே இறுகிவிட்டதென்றால், கூரான கம்பியால் அரை அடிக்கு ஒரு குத்தாக 4 அங்குல ஆழம் குத்தி, குழிகளில் மணலும் மக்கிய எருவும் கலந்து தள்ளுங்கள்.